கைக்கு எட்டாத கேமரா: ரேடியோ டிரிகர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கேமராவும் அதன் துணைச் சாமான்களும் வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். முகூர்த்த மாதம் வந்தால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி ஸ்டூடியோத் தம்பிகள் வந்து, தூரத்தில் நின்றே கேமராவைப் படம் எடுக்கவைக்கும் ரேடியோ டிரிகர் வாங்கிப் போவார்கள். மறுநாள் விடியற்காலையில் மண்டபத்திலிருந்து போன் வரும். ஆள் வேறு, ஊர் வேறு, கேள்வி மட்டும் பழசாகவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் தோரணையிலேயே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். சாமானை வாங்கிக்கொண்டு போகும் பஸ்ஸிலேயே படித்துவிட்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் மிஞ்சும்.

டிரிகர் என்றால் ஃபிளாஷை எரியவைப்பதுதானே? அது எப்படி கேமராவை அடிக்கும்?

இரண்டையும் செய்யும். கையில் வைத்துக்கொள்வது டிரான்ஸ்மிட்டர், தூரத்தில் இருப்பது ரிசீவர். ரிசீவரின் மேல் ஃபிளாஷை மாட்டினால் ஃபிளாஷ் எரியும். அதே ரிசீவரிலிருந்து ஒரு கேபிளை எடுத்து கேமராவின் ரிமோட் துளையில் செருகினால் ஷட்டர் விழும். ஃபிளாஷுக்கு மட்டும் உதவுகிற டிரிகர்களும் சந்தையில் உண்டு. ஆகவே வாங்கும் முன் ரிசீவரின் பக்கவாட்டில் ஷட்டர் கேபிளுக்கான துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

கேமராவின் ரிமோட் துளைக்குள் மூன்று இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று பொது இணைப்பு, ஒன்று ஃபோகஸ், ஒன்று ஷட்டர். ஃபோகஸ் இணைப்பு பொது இணைப்பைத் தொட்டால் பட்டனைப் பாதி அழுத்தியதாகக் கேமரா எடுத்துக்கொள்ளும். ஷட்டர் இணைப்பு தொட்டால் முழுதாக அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ரேடியோ சமிக்ஞை வந்ததும் ரிசீவர் இந்த இரண்டையும் தொடவைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அதாவது நீங்கள் நீளமாக்கியிருப்பது உங்கள் விரலை மட்டும்தான். கண் கூடவே போகவில்லை. சட்டகம், ஃபோகஸ், வெளிச்சம் எல்லாவற்றையும் கேமராவின் பக்கத்தில் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டு வர வேண்டும். கீழே வரும் பாதித் தொல்லைகள் இதை மறந்ததால் வருபவை.

கேமராவுக்குச் சின்ன ரிமோட் ஒன்று இருக்கிறது. போனில் செயலியும் இருக்கிறது. இதற்கு எதற்குத் தனிச் செலவு?

அந்தச் சின்ன ரிமோட் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் இயங்குவது, வீட்டு டிவி ரிமோட்டைப் போல. கேமராவின் முகத்துக்கு நேரே நின்று காட்ட வேண்டும். சில மீட்டருக்கு மேல் எட்டாது. சித்திரை வெயிலில் அதுவும் எட்டாது. புளூடூத் ரிமோட்டும் பக்கத்தில் நின்று குடும்பப் படம் எடுக்கத்தான் சரி.

செயலியில் ஒரு பெரிய வசதி உண்டு: கேமரா பார்ப்பது போனில் தெரியும். ஆனால் இரண்டின் பேட்டரியும் கரையும். படம் தாமதமாக வரும். கூட்டத்தில் இணைப்பு அறுந்தால் மறுபடி பிடிப்பதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். சட்டகம் பார்த்து அமைக்கச் செயலி, தருணத்தில் அடிக்க டிரிகர் என்று இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான்.

என் கேமராவுக்கு எந்தக் கேபிள்?

கேனனின் சிறிய வகைக் கேமராக்களுக்கு 2.5 மி.மீ. பின், பெரிய வகைக்கு என்3 என்னும் மூன்று ஊசித் துளை. நிக்கானின் பெரிய வகைகளுக்கு வட்டமான பத்து ஊசித் துளை, மற்றவற்றுக்கு வேறு. சோனிக்கு மல்டி டெர்மினல். கேமராவின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட, கேமராவையே கொண்டுவந்து செருகிப் பார்த்துவிட்டுப் போங்கள். ரிமோட் துளையே இல்லாத சின்னக் கேமராக்களும் இப்போது வருகின்றன. அவற்றுக்கு இந்த வழி கிடையாது.

அண்ணே, பட்டனை அழுத்துகிறேன், ஒன்றுமே நடக்கவில்லை. டிரிகர் செத்துவிட்டதா?

காலை ஐந்தரை மணிக்கு வரும் போன் இதுதான். டிரிகர் செத்துப்போவது அபூர்வம். கேமரா தூங்கியிருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்த ஒரு நிமிடத்தில் உறங்கும்படி அமைத்திருப்பீர்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் அது எழுந்திருப்பதற்குள் சமிக்ஞை முடிந்துவிடும். முதலில் பாதி அழுத்தி எழுப்புங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு முழுதாக அழுத்துங்கள். மேடைக்குப் போகும் முன் உறங்கும் நேரத்தை நீட்டிவைப்பது இன்னும் நல்லது. கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) கேமராக்கள் விழித்தே இருந்தால் பேட்டரியைத் தின்றுவிடும். நீண்ட சடங்குக்கு, கேமரா ஏற்றுக்கொள்ளுமானால், பவர் பேங்க் ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள்.

கேமரா விழித்திருந்தும் அசையவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். 2.5 மி.மீ. பின் சற்றே வெளியே வந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முழுதாக அமுக்கி, கேபிளை ஒரு வளையமாக விட்டு, கேமராவின் பக்கத்தில் டேப் ஒட்டுங்கள். கேனன் வகை 2.5 மி.மீ. கேபிளுக்கு ஊக்கை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ரிசீவரிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள், கேமராவில் செருகியே இருக்கட்டும். கழற்றிய முனையின் உலோகத்தில் இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்று துண்டாகப் பிரித்திருக்கும். நுனித் துண்டையும் அடித்துண்டையும் சேர்த்து ஊக்கால் தொட்டால் ஷட்டர் விழ வேண்டும். நடுத் துண்டும் அடித்துண்டும் தொட்டால் ஃபோகஸ் தேடும். மிகச் சிறிய மின்னழுத்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஊக்குக்குக் கேமரா பதில் சொன்னால் கேபிள் நலம், கோளாறு ரிசீவர் பக்கம். கல்யாண வீட்டில் ஊக்குக்குப் பஞ்சமே இல்லை.

கடைசியாக பேட்டரி. ரிசீவரில் போடும் சிறிய பேட்டரி பலம் குறையும்போது விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எட்டும் தூரம்தான் சுருங்கும். அதனால் விளக்கை நம்பாதீர்கள். புதிய பேட்டரியோடு போங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளேயே கசிந்து பச்சை பூத்த ரிசீவர்கள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

ரிசீவரில் விளக்கு பளிச்சென்று மின்னுகிறது. அப்படியும் படம் விழவில்லையே?

சமிக்ஞை வந்துவிட்டது என்று அர்த்தம். கேபிள் சரியா என்று மேலே சொன்ன ஊக்குச் சோதனையால் பார்த்துவிட்டீர்களானால், மிச்சம் ஃபோகஸ்தான். ஆட்டோ ஃபோகஸில் இருக்கும் கேமரா, ஃபோகஸ் கிடைக்கும்வரை ஷட்டரை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இருட்டிலோ வெறும் வெள்ளைத் துணியைப் பார்த்தபடியோ இருந்தால் தேடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட வேண்டுமா?

ஆமாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் மணவறைக்கு மேலே இருந்த அலங்கார வளைவில் கேமராவைத் தலைகீழாகக் கட்டி, நேர் கீழே பார்க்கும்படி வைத்தேன். ஒத்திகையில் மணமக்கள் இல்லை. வெறும் பலகையைக் குறிவைத்து ஃபோகஸ் பிடித்தது. கெட்டிமேளம் முழங்கியது, பட்டனை அழுத்திப் பிடித்தேன். பதினெட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் வளைவிலிருந்து தொங்கிய மல்லிகைச் சரம் மொட்டு மொட்டாகக் கூர்மையாக இருந்தது. அதற்குப் பின்னால் மங்கலாக ஏதோ மஞ்சள் நிறம். அதுதான் தாலி.

அதற்குப் பிறகு ஒரே முறைதான். உதவியாளரை மணவறையில் உட்காரவைத்து, கழுத்து வரும் உயரத்தில் அவர் கையை நீட்டச் சொல்லி, அதில் ஃபோகஸ் பிடித்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுவேன். லென்ஸின் துளையளவான அப்பர்ச்சர் 5.6 அல்லது 8. அகன்ற லென்ஸில் அது போதும், முன்னும் பின்னும் கொஞ்சம் அசைந்தாலும் தாங்கும்.

இன்னொன்று: தலைக்கு மேலே கட்டும் எதுவானாலும் கிளாம்பை மட்டும் நம்பாமல் எஃகு கம்பியால் இரண்டாவது கட்டுப் போடுங்கள். லென்ஸ் ஹூடையும் டேப்பால் ஒட்டுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் இன்றுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள்.

வெளிச்சத்தை ஆட்டோவில் விடலாமா?

வெட்டவெளியில் விடலாம். மேடையில் எல்.இ.டி. திரை நிறம் மாறும்போதெல்லாம் படமும் மாறும், ஆகவே அங்கே மேனுவல். உள்ளே கண்ணாடி வைத்த பழைய எஸ்.எல்.ஆர். கேமராவை ஆட்டோவில் விட்டால் பின்பக்கக் கண்துளையை மூடுங்கள். அங்கே கண்ணை வைக்க ஆள் இல்லாதபோது அதன் வழியாக நுழையும் வெளிச்சம் கணக்கைக் குழப்பிப் படத்தை இருட்டாக்கும்.

பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருக்கிறது. எனக்கு 20 மீட்டரிலேயே நின்றுவிடுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பொய் சொல்லவில்லை, அவர்கள் அளந்தது வெட்டவெளியில். நீங்கள் ரிசீவரை இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக் கட்டியிருப்பீர்கள். உலோகம் ரேடியோ அலையை மறைக்கும். ரிசீவர் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் அப்படியே. அதை உங்கள் பக்கம் தெரியும்படி, உலோகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தூசிக்குப் பயந்தால் பாலிதீன் பையில் சுற்றுங்கள், அலை தாராளமாக நுழையும். தகர டப்பாவுக்குள் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

வண்டியூர் தெப்பக்குளத்தில் போய்ச் சோதித்துப் பார்த்தேன். ஒரு கரைக்கும் எதிர்க்கரைக்கும் ஏறத்தாழ 300 மீட்டர், மைய மண்டபம் அதில் பாதி. ரிசீவரைப் படியில் தரையோடு வைத்தபோது பாதித் தூரம்கூடத் தாண்டவில்லை. அதையே சுற்றுச்சுவரின் மேல் தூக்கி வைத்து, டிரான்ஸ்மிட்டரைத் தலைக்கு மேல் பிடித்தபோது அழகாக அடித்தது. காரணம் இதுதான்: இந்த டிரிகர்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. இரண்டு முனைக்கும் இடையே நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றிலும் கொஞ்சம் காலி இடம் வேண்டும். 150 மீட்டருக்கு நடுவழியில் இரண்டு மீட்டர் அளவுக்காவது தேவைப்படும். தரையோ தண்ணீரோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் தூரம் சுருங்கும்.

அழகர் ஆற்றில் இறங்குவதை மாடியில் கேமரா வைத்துவிட்டுக் கீழே கூட்டத்தில் நின்று எடுக்கலாமா?

ஆழ்வார்புரம் கரையில் நானே முயன்று தோற்றிருக்கிறேன். நள்ளிரவு தாண்டி, கூட்டம் கூடும் முன் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் அடித்தது. தங்கக் குதிரை வரும் நேரத்தில் மூன்றுக்கு ஒன்றுதான் விழுந்தது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். லட்சக்கணக்கானவர்கள் நெருங்கி நிற்பது ரேடியோவுக்கு ஒரு தண்ணீர்ச் சுவர். போதாக்குறைக்கு எல்லோர் பையிலும் வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் கைப்பேசி, அதே அலைவரிசையில்.

இப்போது மாடியிலேயே ஒரு தம்பியை நிறுத்திவிடுகிறேன். அது முடியாவிட்டால் கேமராவின் இடைவெளி நேரப் பதிவை முடுக்கிவிட்டு வரலாம். இரண்டு விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1,800 படங்கள், கார்டும் பேட்டரியும் அதற்கேற்ப வேண்டும். டிரிகர் பெருமை பேசுகிற நானே இதைச் சொல்வது வேடிக்கைதான்.

நான் அழுத்தாமலே கேமரா தானாக அடிக்கிறது. பேயா?

பக்கத்து மண்டபத்துக்காரர். ஒரே நிறுவனத்தின் டிரிகர் எல்லாம் கடையிலிருந்து வரும்போது ஒரே சேனலில் இருக்கும். முகூர்த்த நாளில் ஒரே தெருவில் மூன்று கல்யாணம், மூவரிடமும் அதே டிரிகர். ஒருமுறை வாடகைக்குப் போன கேமராவின் கார்டில் ஆளில்லாத மணவறையின் ஒரே படம் நூற்றுக்கணக்கில் விழுந்திருந்தது. அடுத்த மண்டபத்தில் வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. சேனலை மாற்றுங்கள். கோடாக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ் வகை டிரிகரில் 32 சேனல்களோடு 01 முதல் 99 வரை அடையாள எண்ணும் வைக்கலாம். அதை வைத்தால் மோதல் அநேகமாக இல்லை. இரண்டு முனையிலும் மாற்ற வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். தேவைப்படுகிறது.

வீடியோக்காரர் என் டிரிகரால் அவருடைய மைக் கரகரக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்.

அவருடையதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் சட்டை மைக்காக இருந்தால் வாய்ப்பு இருக்கிறது. டிரிகர் அழுத்தும் கணத்தில் மட்டுமே பேசும், தொடர்ந்து கரகரத்தால் காரணம் வேறு. சேனலை மாற்றிப் பாருங்கள், ரிசீவரை மேடை வைஃபை பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். முக்கியமாக, காப்பி குடிக்கும்போதே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் டிரிகர் கொண்டுவந்தார். இங்கே வாங்கியதோடு சேரவில்லை.

சேராது. பாக்கெட்விஸார்டு போன்ற சில டிரிகர்கள் அமெரிக்காவுக்கு 340 முதல் 354 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவுக்கு 433 மெகாஹெர்ட்ஸிலும் செய்யப்படுகின்றன. பெயரும் தோற்றமும் ஒன்றாக இருக்கும், பேசும் அலைவரிசை வேறு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 முதல் குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. மச்சானிடம் அடுத்த முறை 2.4 என்று போட்டதை வாங்கிவரச் சொல்லுங்கள். லென்ஸ் கேட்டால் இன்னும் நல்லது.

வாடிவாசலுக்கு மேலே கேமரா கட்டி, காளை பாயும் கணத்தைப் பிடிக்க முடியுமா? தாமதம் எவ்வளவு?

ரேடியோ அலைக்குத் தாமதம் என்று ஒன்று இல்லை எனலாம். டிரிகரின் உள்வேலைக்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். பெரிய பங்கு கேமராவுடையது. சாதாரண எஸ்.எல்.ஆரில், ஃபோகஸ் முடிந்த நிலையிலேயே 50 முதல் 100 மில்லி விநாடி போகும். காளை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால் 50 மில்லி விநாடியில் 40 செ.மீ. தாண்டிவிடும். கொம்பை எதிர்பார்த்த இடத்தில் திமில் இருக்கும். உங்கள் விரல் தயங்கும் நேரம் இதற்கு மேல் தனி. ஆகவே காளையைப் பார்த்து அடிக்காதீர்கள். உள்ளே கயிறு அறுபடும் அசைவு தெரிந்ததும், தொடர் படப்பதிவில் வைத்து ஒரு விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் எதுவானாலும் விழாக் குழுவிடமும் காவல்துறையிடமும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். மேலே கட்டுவதற்கு இரண்டாவது கட்டுப் பற்றிச் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். களத்தின் தரையில் தேங்காய் நாருக்குள் கேமராவைப் புதைத்து வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். மாட்டின் கால் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டேன். டிரிகர் கொடுக்கவில்லை.

கையிலிருக்கும் கேமராவை அடித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து அடிக்க வேண்டும். முடியுமா?

டிரான்ஸ்மிட்டரை உங்கள் கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் மாட்டுங்கள், போதும். ஆனால் ஹாட் ஷூ சமிக்ஞை உங்கள் ஷட்டர் திறந்த பிறகுதான் கிளம்பும். மேல் கேமரா அதற்குப் பின் தன் தாமதத்தைத் தொடங்கும். எனவே இரண்டு படமும் ஒரே கணம் ஆகாது, முந்தைய கேள்வியில் சொன்ன அளவுக்குப் பிந்தும். உங்கள் ஃபிளாஷ் அதற்குள் எரிந்து அணைந்திருக்கும். மேல் கேமராவின் படம் இருட்டாக வருவதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு கண்ணி: கண்ணாடியில்லாத கேமராவில் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால், பல கேமராக்கள் ஹாட் ஷூவுக்குச் சமிக்ஞையே அனுப்பாது. நீங்கள் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், மேலே இருப்பது சும்மா தொங்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். மாற்றிய பிறகு போன் தேவைப்படாது.

பறவைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூரமாகப் போய்விடலாம்தானே? தொந்தரவு இல்லையே?

தொந்தரவுதான். வைக்கப் போவதும் எடுக்க வருவதும் நீங்கள்தானே. கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்குகிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு, இரைதேடும் பறவைகளின் கூட்டை எடுக்க என்று டிரிகர் கேட்டால் என்னிடம் இல்லை என்றுதான் பதில்.

கண்மாய்க்கரையில் மீன்கொத்தி வந்து உட்காரும் குச்சி வேறு விஷயம். முதல் நாளே முக்காலியை மட்டும் வைத்துப் பழக்குங்கள். மறுநாள் விடியும் முன் கேமராவை ஏற்றி, குச்சியில் ஃபோகஸைப் பூட்டி, 40 மீட்டர் தள்ளி சீமைக்கருவேல நிழலில் உட்காருங்கள். சாமநத்தம் கண்மாயில் இப்படி ஒரு காலை முழுக்கக் காத்திருந்தேன். குச்சியை விட்டுவிட்டு மீன்கொத்தி கேமராவின் மேலேயே உட்கார்ந்தது. அந்தப் படம் என்னிடம் இல்லை.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள்?

கேமராவுக்கு அனுமதி இல்லை. 2018 முதல் கைப்பேசிக்கே தடை. தூரத்திலிருந்து இயக்கினாலும் கேமரா கேமராதான்.

நான் கேமராவைக் கட்டி அமைத்தேன், பட்டனை அழுத்தியது உதவியாளர். படம் யாருடையது?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படத்தை எடுத்தவரே ஆசிரியர் என்கிறது. ஆனால் எடுத்தவர் யார், கட்டியவரா அழுத்தியவரா என்று சண்டை வந்தால் அது வக்கீல் வேலை. கல்யாணத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே மேல் கேமராவின் தாலிப் படத்தை உங்கள் விளம்பரத்தில் போட வேண்டுமானால், முன்பணம் வாங்கும் ரசீதிலேயே அதற்கு ஒரு வரி எழுதி மாப்பிள்ளை வீட்டிலும் பெண் வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உதவியாளரிடம் நான் ரசீது எழுதுவதில்லை. அழுத்தியது அவர் என்றால் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயரும் வரும், அன்றைக்குச் சம்பளமும் கொஞ்சம் கூடும்.